ஜெயித்த பிறகும் அடங்காத பசி: சாம்பியன்களின் போட்டி வெறி எப்படி வேலை செய்கிறது?

பெரிய விளையாட்டு வீரர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு வாக்கியங்கள் தவறாமல் வந்து விழும். ஒன்று, "அவனுக்குள்ள ஒரு வெறி இருந்துச்சு." இன்னொன்று, "எவ்வளவு தியாகம் பண்ணியிருப்பான்!" பின்னணி இசையோடு வாட்ஸ்அப்பில் சுற்றும் ஊக்க வீடியோக்களின் மொத்தச் சரக்கும் இந்த இரண்டுதான். வெறி பிறவியிலேயே வருவது, தியாகம் வெற்றிக்கு முன்கூட்டியே கட்டுகிற கட்டணம், கட்டி முடித்தால் மெடல் வரும், மெடல் வந்தால் மனம் நிறையும். இதுதான் கணக்கு.

கணக்கு பல இடங்களில் உதைக்கிறது. மெடல் வந்தும் மனம் நிறையாத சாம்பியன்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். செலவின் பெரும்பகுதி ஜெயித்த பிறகுதான் வசூலாகிறது. வெறியும் தானாக எரிந்துகொண்டிருப்பதில்லை. வீரர்களே அதற்கு எதையாவது போட்டுப் போட்டு எரிய வைக்கிறார்கள், சில சமயம் பொய்யைக்கூட. ஏன் இப்படி என்று புரிய, நம் மூளை வெற்றியை எப்படி அளக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒன்றாம் தேதி சம்பளம்

மாதாமாதம் ஒன்றாம் தேதி சம்பளம் வங்கிக் கணக்கில் விழுகிறது. அதற்கு யாரும் கேக் வெட்டுவதில்லை. மெசேஜைப் பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். அதே சம்பளம் ஐந்தாம் தேதி வரை வரவில்லை என்றால் வீடே கலங்கிப்போகிறது. வாடகை, இ.எம்.ஐ., ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் கண் முன்னால் வந்து நிற்கும். நடுவில் யாரும் எதிர்பார்க்காமல் ஐயாயிரம் ரூபாய் போனஸ் வந்தால் அன்றைக்கு வீட்டில் பிரியாணி. சம்பளம் ஐம்பதாயிரமாக இருந்தாலும் துள்ள வைப்பது அந்த ஐயாயிரம்தான்.

வந்த தொகையைவிட, எதிர்பார்த்ததற்கும் வந்ததற்கும் உள்ள வித்தியாசம்தான் மனதை அசைக்கிறது. மூளை அறிவியலில் இந்த வித்தியாசத்தை 'வெகுமதிக் கணிப்புப் பிழை' என்று சொல்கிறார்கள். எதிர்பார்த்ததைவிட அதிகமாகக் கிடைத்தால் பிழை கூட்டல் பக்கம், குறைவாகக் கிடைத்தால் கழித்தல் பக்கம், சரியாக எதிர்பார்த்ததே கிடைத்தால் பூஜ்யம்.

இதைத் தெளிவாகக் காட்டியவர் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் அறிஞர். குரங்குகளுக்குச் சொட்டுச் சொட்டாகப் பழச்சாறு கொடுத்து, அவற்றின் மூளையில் டோபமைன் சுரக்கும் செல்களைக் கவனித்தார். டோபமைன் என்பது நரம்பு செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் வேதிப்பொருள். எதிர்பாராமல் சாறு கிடைத்தபோது அந்த செல்கள் படபடவென்று இயங்கின. சாறு வருவதற்கு முன் ஒரு சமிக்ஞை கொடுத்துப் பழக்கிய பிறகு, அந்தப் படபடப்பு சமிக்ஞையின் நேரத்துக்கே நகர்ந்துவிட்டது. சாறு வந்த நேரத்தில் செல்கள் கண்டுகொள்ளவே இல்லை. சமிக்ஞை வந்து சாறு வராமல் போனால், வழக்கமான இயக்கமும் குறைந்து சரிந்தது.

டோபமைன் என்றாலே இன்பம் என்று யூடியூபில் சொல்கிறார்களே, அது பாதிதான் சரி. இன்பத்தைவிட, எதிர்பார்ப்பு தப்பியதா என்று கணக்குப் பார்ப்பதில்தான் அதற்கு முக்கியமான பங்கு. குரங்கின் பழச்சாற்றிலிருந்து ஒலிம்பிக் மேடைக்கு நேர்கோடு போட்டுவிட முடியாது என்பதும் உண்மை. ஆனால் மனிதர்களிடமும் இதே வடிவம் தெரிகிறது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கியவர்களின் முகங்களை உளவியல் ஆய்வாளர்கள் சிலருக்கு வீடியோவில் காட்டி மதிப்பிட வைத்தார்கள். வெள்ளி வாங்கியவர்களைவிட வெண்கலம் வாங்கியவர்கள் மகிழ்ச்சியாகத் தெரிந்தார்கள். வெள்ளிக்காரர் கைநழுவிய தங்கத்தோடு ஒப்பிடுகிறார், வெண்கலக்காரர் வெறுங்கையோடு ஒப்பிடுகிறார்.

வெற்றி சம்பளமாக மாறும்போது

ஒரு சிறுவன் மாவட்டப் போட்டியில் முதல் தடவை ஜெயிக்கிறான். அது போனஸ். மாநில அளவில் ஜெயிக்கிறான், அதுவும் போனஸ். பத்து வருடம் கழித்து அவன் உலகின் முதல் இடத்தில் இருக்கும்போது அவன் ஜெயிப்பான் என்றுதான் எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள், அவனும்தான். இப்போது வெற்றி ஒன்றாம் தேதி சம்பளம். ஜெயித்தால் பூஜ்யம், தோற்றால் பெரிய கழித்தல். கூட்டல் என்ற ஒன்று கிட்டத்தட்ட இல்லாமலே போய்விடுகிறது.

1995 ஏப்ரலில் ஆந்த்ரே அகாசி முதன்முறையாக டென்னிஸ் தரவரிசையில் உலகின் முதலிடத்தைப் பிடித்தார். அந்தச் செய்தியைக் கேட்டபோது தனக்கு ஒன்றுமே தோன்றவில்லை என்று பிற்பாடு தன் சுயசரிதையில் எழுதினார். டென்னிஸையே வெறுத்தேன் என்றும் எழுதினார். சிறுவயதில் தந்தை அமைத்த பந்து வீசும் எந்திரத்தின் முன்னால் நிற்க வைக்கப்பட்டு வளர்ந்தவர் அவர். விளையாட்டை நேசிப்பவர்கள்தான் உச்சிக்குப் போகிறார்கள் என்ற நம்பிக்கைக்கு அகாசி ஒரு சங்கடமான விதிவிலக்கு. நேசம் வேறு, வெறி வேறு. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம், இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

உச்சியில் இருப்பவருக்கு மறுபடி கூட்டல் பக்கம் போக ஒரே வழி இலக்கை உயர்த்துவது. ஒரு கோப்பை போதாது, மூன்று வேண்டும். வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு இது அடங்காத பசி. உள்ளே நடப்பது, போன மாதத்து போனஸ் இந்த மாதம் சம்பளத்தோடு சேர்ந்துவிட்டது என்பதுதான்.

இதுவரை பார்த்தது: மனம் வெற்றியை எதிர்பார்ப்போடு ஒப்பிட்டே அளக்கிறது. ஜெயிக்க ஜெயிக்க எதிர்பார்ப்பும் ஏறுகிறது. அதனால் பெரிய வீரர்களை நகர்த்துவது ஜெயிக்கும் இன்பத்தைவிடத் தோல்வியின் வலியாக இருப்பது சகஜம்.

ஜோர்டான் இட்டுக்கட்டிய எதிரி

இலக்கை உயர்த்த இன்னொரு குறுக்குவழி உண்டு. யாரோ நம்மை அவமதித்துவிட்டதாக நினைத்துக்கொள்வது. இந்தக் கலையில் அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டானை மிஞ்ச ஆள் இல்லை.

1993 மார்ச்சில் சிகாகோ புல்ஸ் அணியும் வாஷிங்டன் புல்லட்ஸ் அணியும் அடுத்தடுத்த இரவுகளில் மோதின. முதல் ஆட்டத்தில் லாப்ராட்ஃபோர்ட் ஸ்மித் என்ற அதிகம் அறியப்படாத வீரர் 37 புள்ளிகள் குவித்தார். ஜோர்டானுக்கு 25தான். சிகாகோ ஜெயித்துவிட்டது, ஆனாலும் ஜோர்டான் கொதித்தார். ஆட்டம் முடிந்து போகும்போது ஸ்மித் தன் தோளில் கைபோட்டு, நன்றாக ஆடினாய் என்று நக்கலாகச் சொன்னதாக அணியினரிடம் சொன்னார். மறுநாள் முதல் பாதியிலேயே 36 புள்ளிகள் அடித்தார், மொத்தம் 47. பிறகு, ஸ்மித் நிஜமாகவே அப்படிச் சொன்னாரா என்று கேட்டபோது, இல்லை, நானே இட்டுக்கட்டியது என்று ஒப்புக்கொண்டார்.

பள்ளிக்கூட அணியில் ஜோர்டானைச் சேர்க்காமல் துரத்திவிட்டார்கள் என்று நம் ஊர் மேடைப் பேச்சாளர்கள் வரை சொல்லும் கதையும் கொஞ்சம் ஊதப்பட்டதுதான். அப்போது அவர் கீழ் வகுப்பு மாணவர், இளையோர் அணியில் ஆடினார். மூத்தோர் அணியில் உயரமான லீராய் ஸ்மித்துக்கு இடம் கொடுத்தார்கள், அவ்வளவுதான். ஜோர்டான் இதை மறக்கவே இல்லை. 6 சாம்பியன் பட்டங்களுக்குப் பிறகு, 2009-இல் கூடைப்பந்தின் புகழ் மண்டபத்தில் தன்னைச் சேர்த்த விழாவுக்கு அந்த லீராய் ஸ்மித்தை வரவழைத்து, மேடையிலேயே அந்தக் கதையைச் சொன்னார். நன்றி சொல்ல வேண்டிய உரையில் பழைய கணக்குகளை ஒவ்வொன்றாகத் தீர்த்தார்.

அந்த உரையைப் பலர் கேலி செய்தார்கள். எனக்கு அது கேலிக்குரியதாகத் தெரியவில்லை. எல்லாம் ஜெயித்துவிட்ட ஒருவர் அடுத்த நாள் மைதானத்துக்கு இறங்க ஒரு காரணம் தேவைப்படுகிறது. நிஜமான காரணம் தீர்ந்துபோனால் கற்பனையில் ஒன்றைச் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஆட்டம் நின்று ஆறு வருடமாகியும் அந்தப் பழக்கம் நிற்கவில்லை. ஸ்விட்ச் அணைக்கப்படவே இல்லை.

எதை வைத்து அளக்கிறோம்?

எல்லோரும் இதே வழியில் போவதில்லை. விளையாட்டு உளவியலில் 1980-களிலிருந்து ஒரு வேறுபாட்டைப் பேசி வருகிறார்கள். 'நான் அவனைவிட மேலா?' என்று அளப்பது பிறர் சார்ந்த நோக்கு. 'நேற்றைவிட இன்று இந்த வேலையை நன்றாகச் செய்தேனா?' என்று அளப்பது செயல் சார்ந்த நோக்கு. ஒரே ஆளிடம் இரண்டும் கலந்தே இருக்கும், விகிதம்தான் மாறும்.

அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ் இதற்கு நல்ல உதாரணம். ஒரே ஒலிம்பிக்கில் 8 தங்கம் வெல்வது நடக்காத காரியம் என்று ஆஸ்திரேலிய நீச்சல் வீரர் இயன் தோர்ப் சொன்னதை வெட்டி எடுத்துத் தன் லாக்கரில் ஒட்டி வைத்திருந்தார். அது பிறர் சார்ந்தது. இன்னொரு பக்கம், அவருடைய பயிற்சியாளர் பாப் போமன் ஒரு போட்டிக்கு முன் வேண்டுமென்றே அவருடைய நீச்சல் கண்ணாடியை மிதித்து உடைத்திருக்கிறார், எதுவும் கெட்டுப்போனாலும் நீந்தப் பழக வேண்டும் என்பதற்காக. 2008 பெய்ஜிங்கில் 200 மீட்டர் பட்டர்ஃப்ளை இறுதியில் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்து ஒன்றும் தெரியாமல் போனது. ஃபெல்ப்ஸ் கை வீச்சுகளை எண்ணிக்கொண்டே நீந்தி உலக சாதனை படைத்தார். அங்கே எதிரி யாரும் இல்லை, வேலை மட்டும்தான்.

செயல் சார்ந்த நோக்கு உடையவர்கள் தடங்கல்களைத் தாங்கிக்கொண்டு நீண்ட காலம் நிலைக்கிறார்கள் என்பது ஆய்வுகளின் பொதுவான போக்கு. ஆனால் இது ஆரோக்கியமான வெறி, அது கெட்ட வெறி என்று கோடு கிழித்துவிட வேண்டாம். வேலையிலேயே மூழ்குவதற்கும் ஒரு செலவு உண்டு. அதைத் துப்பாக்கி சுடும் வீரர் அபினவ் பிந்த்ராவைப் பற்றிப் பேசும்போது பார்ப்போம்.

உடம்பில் என்ன நடக்கிறது

பயிற்சி உடம்பை வலுவாக்குகிறது என்கிறோம். நுணுக்கமாகச் சொன்னால், பயிற்சி உடம்பைக் களைக்க வைத்துச் சிறு சேதங்களை உண்டாக்குகிறது. அதற்குப் பிறகான தூக்கமும் சாப்பாடும் ஓய்வும்தான் அதைச் சரிசெய்து முன்பைவிடக் கொஞ்சம் வலுவாக்குகின்றன. ஓய்வு போதாமல் பயிற்சி மட்டும் ஏறிக்கொண்டே போனால் திறன் சரியத் தொடங்கும். சில வாரங்கள் ஓய்வெடுத்தும் மீளாத அளவுக்கு இது முற்றினால் 'மிகைப்பயிற்சி நோய்க்குறி' என்கிறார்கள்.

இங்கேதான் போட்டி வெறி விளையாட்டு வீரருக்கே எதிராகத் திரும்புகிறது. வேகம் குறைகிறது, தூக்கம் வரவில்லை, எரிச்சல் வருகிறது. சாதாரண ஆள் இரண்டு நாள் படுத்துக் கிடப்பார். வெறி உள்ளவர், நான் சோம்பேறியாகிவிட்டேன் என்று நினைத்து இன்னும் அதிகமாக ஓடுவார். இத்தனை வருடம் அவரை ஜெயிக்க வைத்த அதே பதில், இப்போது நோயை முற்ற வைக்கிறது.

சாப்பாட்டு விஷயமும் இப்படித்தான். உண்ட உணவிலிருந்து கிடைத்த ஆற்றலில் பயிற்சிக்குச் செலவானது போக, இதயம், எலும்பு, ஹார்மோன் போன்றவற்றுக்கு மிஞ்சுவது குறைந்துகொண்டே போனால் உடம்பு சில வேலைகளை நிறுத்தி வைக்கிறது. பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும், எலும்பு வலுவிழக்கும். ஆண்களுக்கும் ஹார்மோன் குறையும். இதை 'விளையாட்டில் ஒப்பீட்டு ஆற்றல் குறைபாடு' என்ற பெயரில் சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இல் வரையறுத்தது. பதின்ம வயதிலேயே அமெரிக்காவின் நட்சத்திரமாகப் பேசப்பட்ட ஓட்ட வீராங்கனை மேரி கெய்ன், எடையைக் குறைக்கச் சொல்லித் தந்த அழுத்தத்தில் மூன்று வருடம் மாதவிடாய் நின்றுபோனதையும் ஐந்து எலும்புகள் உடைந்ததையும் 2019-இல் வெளிப்படையாகச் சொன்னார். மாதவிடாய் நிற்பது கடினமான பயிற்சியின் அடையாளம் என்று இன்றைக்கும் சில கோச்கள் பெருமையாகச் சொல்வதுண்டு. அது அபாயச் சங்கு.

எடைப் பிரிவு உள்ள விளையாட்டுகளில் இது இன்னும் கூர்மையாகிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட் கதை நமக்குத் தெரிந்ததுதான். வழக்கமான 53 கிலோ பிரிவில் இந்தியாவின் இடம் அந்திம் பங்காலுக்குப் போயிருந்ததால் 50 கிலோவுக்கு இறங்கினார். முதல் நாள், சர்வதேசப் போட்டிகளில் அதுவரை தோற்றே இராத ஜப்பானின் யுயி சுசாகியை வீழ்த்தி, இறுதி வரை வந்தார். மூன்று ஆட்டங்களுக்காகக் கொஞ்சம் சாப்பிட்டு, தண்ணீர் குடித்ததில் அன்று மாலை எடை இரண்டரை கிலோவுக்கு மேல் ஏறியிருந்தது. இரவு முழுக்க உடற்பயிற்சி, சானா எனப்படும் வெப்ப அறை, கடைசியில் முடியை வெட்டியும்கூட 100 கிராம் மிஞ்சியது. தகுதி நீக்கம். நீரிழப்புக்குச் சிகிச்சை, மறுநாள் ஓய்வு அறிவிப்பு. சதி என்று ஒரு பக்கம், அலட்சியம் என்று இன்னொரு பக்கம் சண்டை நடந்தது. இரண்டு நாள் தொடர்ந்து எடை பார்க்கும் விதி ஒரு மனித உடம்பை எந்த இடத்துக்குத் தள்ளுகிறது என்ற பேச்சு அந்தச் சத்தத்தில் அமுங்கிவிட்டது.

சுருக்கமாக: உடம்புச் செலவின் பெரும்பகுதி விபத்தால் வருவதில்லை. நிறுத்தச் சொல்லும் அறிகுறியை, முயற்சி போதவில்லை என்று தப்பாகப் படிப்பதால் வருகிறது.

ஜெயித்த மறுநாள்

இப்போது பிந்த்ரா. 2004 ஏதென்ஸில் தகுதிச் சுற்றில் நன்றாகச் சுட்டு, இறுதியில் ஏழாவது இடத்துக்குப் போனார். அவர் நின்ற இடத்தில் தரையின் ஓடு ஆடிக்கொண்டிருந்ததாகப் பின்னர் தெரிந்தது. அதன் பிறகு ஆடும் ஓட்டின் மேல் நின்றே பயிற்சி செய்தார். பெய்ஜிங் அரங்கத்தின் சூழலைப் பழகச் சண்டிகரில் ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்தார். இதைவிடச் செயல் சார்ந்த வெறியைப் பார்க்க முடியாது. 2008 ஆகஸ்ட் 11, 10 மீட்டர் ஏர் ரைஃபிள் இறுதி. கடைசிக் குண்டுக்கு முன் பின்லாந்தின் ஹென்ரி ஹாக்கினனோடு சமநிலை. பிந்த்ரா 10.8 சுட்டார். இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கம்.

தன் வாழ்க்கையின் மிகப் பெரிய மன நெருக்கடி தோற்றபோது வரவில்லை, இந்த வெற்றிக்குப் பிறகுதான் வந்தது என்று அவர் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பதின்ம வயதிலிருந்து ஒரே ஒரு இலக்கு. அது கிடைத்துவிட்டது. நாளை காலை எழுந்து என்ன செய்வது? வெறுமை, மனச்சோர்வு.

ஃபெல்ப்ஸுக்கும் இதேதான் நடந்தது. ஒவ்வொரு ஒலிம்பிக்குக்குப் பிறகும் மனச்சோர்வில் விழுந்ததாகவும், 2012 லண்டனுக்குப் பிறகு அறையை விட்டே வெளியே வராமல், உயிரோடு இருக்கவே விரும்பாத நிலைக்குப் போனதாகவும் அவரே சொன்னார். அப்போது அவரிடம் 18 தங்கப் பதக்கங்கள் இருந்தன. 2014-இல் குடித்துவிட்டு வண்டி ஓட்டிக் கைதானார். அதன் பிறகுதான் சிகிச்சைக்குப் போனார்.

இதைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு கருத்து போதும்: 'வீரர் அடையாளம்'. ஒருவர் தன்னை யார் என்று நினைக்கிறாரோ, அதில் விளையாட்டு எவ்வளவு பங்கு என்பதன் அளவு இது. 1993-இல் இதை அளக்க ஒரு கேள்விப் பட்டியலையே உருவாக்கினார்கள். இந்தப் பங்கு அதிகமாக இருந்தால் பயிற்சியில் ஈடுபாடு அதிகம், கவனச் சிதறல் குறைவு. அதாவது ஜெயிக்க உதவும். அதே ஆளுக்கு அடிபட்டாலோ, அணியில் இடம் போனாலோ, ஓய்வு பெற்றாலோ, இலக்கு முடிந்துபோனாலோ, போவது வேலை மட்டுமில்லை, தான் யார் என்பதற்கான பதிலும்தான். ஃபெல்ப்ஸ் பின்னர் தன்னைப் பற்றிச் சொன்னதும் இதுவே: தன்னை ஒரு நீச்சல்காரனாகத்தான் பார்த்தேன், ஒரு மனிதனாகப் பார்க்கவில்லை.

முன்பு பார்த்த கணக்கையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். வெற்றி பூஜ்யத்தைத் தருகிறது, அடுத்த இலக்கு கண்ணில் படவில்லை, விளையாட்டைத் தவிர வேறு அடையாளம் இல்லை. மூன்றும் ஒரே வாரத்தில் வந்து சேர்கிற இடம்தான் ஒலிம்பிக் முடிந்த மறுநாள்.

விலைப்பட்டியலைத் தலைகீழாகப் படிப்பது

இவ்வளவையும் கேட்டபின் சிலர், "பார்த்தீங்களா, பெரிய ஆளாகணும்னா இதெல்லாம் கொடுத்துத்தான் ஆகணும்" என்பார்கள். இங்கேதான் பெரிய பிழை. நாம் ஜெயித்தவர்களின் கதையை மட்டும் கேட்கிறோம். அகாசியைப் போலவே தந்தையால் விரட்டப்பட்டு, எங்கும் போய்ச் சேராமல் இருபது வயதில் தோள்பட்டை வலியோடு நின்றுபோனவர்களை யாரும் பேட்டி எடுப்பதில்லை. பிழைத்து வந்தவர்களை மட்டும் பார்த்து முடிவுக்கு வரும் இந்தத் தவறுக்குப் 'பிழைத்தோர் சாய்வு' என்று பெயர். ஜெயித்தவர் துன்பப்பட்டார் என்பது உண்மை. துன்பப்பட்டதால் ஜெயித்தார் என்பது வேறு செய்தி, அதற்குத் தனி ஆதாரம் வேண்டும்.

ஆதாரம் பல இடங்களில் எதிர்ப்பக்கம் சாய்கிறது. பெரியவர்களான பிறகு உலகத் தரத்தை எட்டியவர்கள், தேசிய அளவோடு நின்றவர்களைவிடச் சிறுவயதில் பல விளையாட்டுகளை ஆடியிருக்கிறார்கள், தங்கள் முக்கிய விளையாட்டைத் தாமதமாகத் தொடங்கியிருக்கிறார்கள் என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். சீக்கிரமே ஒன்றில் மூழ்கியவர்கள் ஜூனியர் அளவில் முந்தினார்கள். எட்டு வயதுப் பிள்ளையைக் காலை நாலரை மணிக்கு அகாடமிக்கு இழுத்துப் போகும் அப்பாக்களிடம் இதைச் சொன்னால் நம்புவதில்லை. அண்டர்-12 கோப்பை அவர் வீட்டு அலமாரியில் இருக்கிறது, அவர் எப்படி நம்புவார்?

எது குறையும், எது குறையாது

சில செலவுகளைத் தவிர்க்க முடியாது. நேரம் போகும், நண்பர்களின் கல்யாணங்கள் தவறும், மூட்டு தேயும். உச்சியில் வெற்றி சப்பென்று இருப்பதும் மாறாது, அது மூளையின் கணக்கு. ஆனால் நின்றுபோன மாதவிடாய், மறைத்து வைத்த மனச்சோர்வு, ஓய்வெடுத்தால் அவமானம் என்ற எண்ணம் இவையெல்லாம் பயிற்சி முறையும் சூழலும் சேர்த்து வைத்த செலவுகள். உச்சி வீரர்களின் மனநலம் பற்றிச் சர்வதேச ஒலிம்பிக் குழு விரிவான கூட்டறிக்கை வெளியிட்டதே 2019-இல்தான்.

டோக்கியோவில், 2021 ஜூலையில், ஜிம்னாஸ்ட் சிமோன் பைல்ஸ் அணி இறுதியின் நடுவே விலகினார். காற்றில் சுழலும்போது தன் உடம்பு எந்தத் திசையில் இருக்கிறது என்ற உணர்வே அறுந்துபோயிருந்தது. ஜிம்னாஸ்டுகள் இதை ட்விஸ்டீஸ் என்கிறார்கள், தலைகீழாக விழுந்தால் கழுத்து முறியும். அவருக்கு வெறி போதவில்லை, ஜோர்டானாக இருந்தால் ஆடியிருப்பார் என்று எழுதியவர்கள் உண்டு. அவர் இரண்டு வருடம் போட்டிப் பக்கம் வரவில்லை, மனநல ஆலோசனையைத் தொடர்ந்தார். 2024 பாரிஸில் அணி இறுதி நடந்த நாளின் காலையிலும் ஆலோசகரிடம் பேசிவிட்டுத்தான் அரங்குக்குப் போனார். அந்த ஒலிம்பிக்கில் 3 தங்கம், 1 வெள்ளி. 27 வயதில், 1952-க்குப் பிறகு ஒலிம்பிக்கில் பெண்கள் ஆல்-அரவுண்ட் (எல்லா உபகரணங்களும் சேர்ந்த தனிநபர்) பட்டத்தை வென்றவர்களில் அவர்தான் மூத்தவர்.